திரையைத் தேடும் முன் கூடத்தைப் பாருங்கள்



இல்லத்திற்குப் புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டால் போதும்; அன்று முதல் வீட்டில் வேறு பேச்சே இராது. மகன் ஒரு பெயரைச் சொல்வார். மருமகன் மற்றொரு பெயரைச் சொல்வார். அண்டை வீட்டார் தாம் வாங்கியதையே வாங்குமாறு வற்புறுத்துவர். எல்.இ.டி., ஓ.எல்.இ.டி., கியூ.எல்.இ.டி., மினி எல்.இ.டி. என்று எழுத்துக்களின் அணிவகுப்பு நம்மை மலைக்க வைக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு இதே மலைப்பு வேறு பெயரில் இருந்தது. “எல்.சி.டி. வாங்குவதா, பிளாஸ்மா வாங்குவதா?” என்பதே அன்றைய கேள்வி.

இன்று கடைக்குச் சென்று பிளாஸ்மா கேட்டால் கிடைக்காது. எனினும் அந்தப் பழைய கேள்வி நமக்குக் கற்றுத் தந்த பாடம் இன்றைய கேள்விக்கும் விடையாக அமைகின்றது. எங்கள் இல்லத்தில் அந்தப் பாடத்திற்குக் கொடுத்த விலையைச் சொல்லியே தொடங்குகிறேன்.

உம்மா சொல்லாத குறை

2008ஆம் ஆண்டு. வளைகுடாவில் பணியாற்றிய என் மூத்த காக்கா விடுமுறையில் ஊர் வந்திருந்தார். உம்மாவுக்கு நல்லதொரு தொலைக்காட்சி வாங்கித் தர வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. நகரத்துக் கடையொன்றில் இருட்டறை போல் அமைத்திருந்த ஒரு பகுதியில் 42 அங்குல பிளாஸ்மா ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். கருமை கருமையாகவே தெரிந்தது. நிறங்கள் உயிரோடு இருந்தன. மறுபேச்சின்றி வாங்கி வந்துவிட்டார். அன்றிரவு குடும்பமே கூடி அமர்ந்து பார்த்து மகிழ்ந்தது. சில நாட்களில் அவர் விமானம் ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இரண்டு பெரிய ஜன்னல்கள். உம்மா தொலைக்காட்சி பார்ப்பதோ சமையல் முடித்து ஓய்ந்து அமரும் பகற்பொழுதில். இந்த இரண்டையும் எங்களில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த விடுமுறையில் காக்கா நண்பகலில் வந்து இறங்கினார். கடுங்கோடை. கூடத்தின் ஜன்னல்கள் அனைத்தும் அடைக்கப்பட்டு, திரைச்சீலைகள் இழுத்து விடப்பட்டு, புழுக்கத்தின் நடுவே உம்மா விசிறியும் கையுமாக அமர்ந்திருந்தார்.

“ஏன் உம்மா, இந்த வெயிலில் ஜன்னலை அடைத்துவிட்டு இருக்கிறீர்கள்?”

“திறந்தால் படம் தெரிய மாட்டேங்குது வாப்பா. என் முகந்தான் தெரியுது.”

ஓராண்டுக் காலம் அந்தத் தாய் இதை எவரிடமும் சொல்லவில்லை. மகன் ஆசையோடு வாங்கித் தந்த பொருளில் குறை சொல்லலாகாது என்று இருட்டிலும் புழுக்கத்திலும் அமர்ந்திருந்தார். பெட்டியில் பழுது ஏதுமில்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. அது நல்ல தொலைக்காட்சிதான். ஆனால் எங்கள் கூடத்துக்கு உரியதன்று, உம்மாவுக்கு உரியதன்று. அதிகம் பார்க்கப் போகிறவரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே நிகழ்ந்த தவறு.

இரண்டும் இயங்கிய விதம்

ஏன் அவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அவ்விரு திரைகளும் இயங்கும் முறையைச் சற்றே தெரிந்து கொள்ளல் நலம்.

பிளாஸ்மா என்பது இலட்சக்கணக்கான மிகச் சிறு குழல்விளக்குகளின் தொகுப்பு எனலாம். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே நுண்ணிய அறைகள். அவற்றில் நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாயும்போது அவ்வாயு புற ஊதாக் கதிரை வெளியிடும். அக்கதிர் அறையின் உட்பூச்சில் பட்டு, சிவப்பு, பச்சை, நீல ஒளியாக மாறும். நம் வீட்டுக் குழல்விளக்கு எரிவதும் ஏறத்தாழ இம்முறையில்தான். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கருமை வேண்டிய இடத்தில் அறையின் ஒளியைப் பெரிதும் அடக்கிவிட முடியும். எப்பக்கம் அமர்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கணினி வழிக் கல்விக்காக இது உருவாக்கப்பட்டது. 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த 42 அங்குல பிலிப்ஸ் பிளாஸ்மாவின் விலை ஏறத்தாழ 15,000 டாலர்!

எல்.சி.டி.யின் வழி வேறு. இங்கே புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். அதற்கு முன்னால் திரவப் படிகம் எனும் பொருள் ஜன்னல் கதவைப் போல் திறந்தும் மூடியும் ஒளியை விடும் அல்லது தடுக்கும். 1888இல் ஆஸ்திரிய நாட்டுத் தாவரவியலார் பிரடெரிக் ரைனிட்சர் இப்பொருளின் விந்தைத் தன்மையைக் கண்டறிந்தார். கதவை எவ்வளவு இறுக மூடினாலும் இடுக்கு வழியே சிறிது வெளிச்சம் கசியுமல்லவா? அதனால்தான் எல்.சி.டி.யில் கருமை சற்றுச் சாம்பல் நிறமாகத் தோன்றும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறமும் வெளிறக்கூடும். ஆனால் பின்விளக்கின் வலிமையால் பகல் வெளிச்சத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் அதற்கு உண்டு.

ஆக, இருட்டறையில் பிளாஸ்மாவே சிறந்தது; வெளிச்சமான கூடத்தில் எல்.சி.டி.யே ஏற்றது. நாங்கள் இருட்டில் பார்த்துத் தேர்ந்து, வெளிச்சத்தில் கொண்டு வந்து வைத்தோம். மேலும் பிளாஸ்மாவின் முகப்புக் கண்ணாடி, எதிர் ஜன்னலை அப்படியே எதிரொளித்தது.

மற்றொரு குறையும் பின்னர் வெளிப்பட்டது. உம்மா நாள்தோறும் பார்த்த செய்தி அலைவரிசையின் முத்திரை, திரையின் மூலையில் நிழலாகப் பதிந்து போயிற்று. அலைவரிசையை மாற்றினாலும் அந்நிழல் அகலவில்லை. ஒரே உருவம் ஒரே இடத்தில் நெடுநேரம் ஒளிர்ந்தால் அவ்விடத்துப் பூச்சு மற்ற இடங்களைவிட விரைவாகத் தேய்வதே இதற்குக் காரணம்.

மின்கட்டணமும் சிறிதன்று. 42 அங்குல பிளாஸ்மா 300 வாட் மின்சாரம் கொள்வதாகவும், நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக் கொள்வோம். நாளுக்கு ஒன்றரை யூனிட். இரு மாதங்களுக்கு 90 யூனிட். தமிழகத்தில் இல்லங்களுக்கு இரு மாதங்களில் முதல் 100 யூனிட் கட்டணமில்லை என 2016இல் அறிவிக்கப்பட்டது. அச்சலுகையின் பெரும்பகுதியை ஒரு பெட்டியே விழுங்கிவிடும் அளவு அது! இன்று அதே அளவுள்ள எல்.இ.டி. திரை 80 வாட் கொள்வதாகக் கணக்கிட்டால், இரு மாதங்களுக்கு 24 யூனிட் மட்டுமே ஆகும்.

பிளாஸ்மா மறைந்த கதை

எல்.சி.டி.யைக் கைக்கடிகாரம் அளவிலும் செய்யலாம், சுவர் அளவிலும் செய்யலாம். அதனால் அதன் உற்பத்தி பெருகி விலை ஆண்டுதோறும் இறங்கியது. பிளாஸ்மாவைச் சிறிய அளவில் நுட்பமாகச் செய்வது கடினம். அத்துடன், பெரும்பாலான கடைகளில் பளீரென்ற விளக்குகளின் கீழ் வரிசையாக வைக்கப்பட்டபோது எல்.சி.டி. பளிச்சிட்டது; பிளாஸ்மா மங்கித் தெரிந்தது. வாடிக்கையாளர் கை பளிச்சிட்டதை நோக்கியே நீண்டது. 2009இல் பயோனியர் நிறுவனம் தொலைக்காட்சித் தொழிலைவிட்டு விலகுவதாக அறிவித்தது. பானசோனிக் 2013ஆம் ஆண்டு இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங், எல்.ஜி. ஆகிய நிறுவனங்கள் 2014இல் நிறுத்தின.

எனவே, எவரேனும் வீடு மாறும்போதோ வெளிநாடு செல்லும்போதோ, “நல்ல பிளாஸ்மா, மலிவாகத் தருகிறேன்” என்று கூறினால், இலவசமாகவே கிடைத்தாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். உதிரிப் பாகம் கிடைப்பது அரிது, மின்செலவோ ஓயாது.

பெயர் மாறியது, கேள்வி மாறவில்லை

இன்றைய கடையில் தொங்கும் பெயர்ச் சிட்டைகளைக் கண்டு மயங்க வேண்டாம். எல்.இ.டி. தொலைக்காட்சி என்று விற்கப்படுவது எல்.சி.டி.யேதான்; பின்விளக்காக முன்பிருந்த மெல்லிய குழல்விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகள் வந்துள்ளன. கியூ.எல்.இ.டி. என்பதும் எல்.சி.டி.யே, நிறத்தைத் தூய்மையாக்கும் குவாண்டம் புள்ளிகள் எனும் நுண்துகள் அடுக்கு அதில் கூடுதலாக உள்ளது. மினி எல்.இ.டி. என்பதும் அவ்வாறே, பின்விளக்கைப் பன்னூறு சிறு விளக்குகளாகப் பகுத்து, இருள் வேண்டிய பகுதியில் மட்டும் மங்கச் செய்வார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஓ.எல்.இ.டி. மட்டுமே வேறு குலம். அதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். கருமை முழுக் கருமை. எப்பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாது. ஆக, அது பிளாஸ்மாவின் வாரிசு எனலாம். வாரிசுக்குச் சொத்தோடு கடனும் சேர்ந்தே வருகிறது. வெயில் நேரே விழும் கூடத்தில் அதன் அழகு குன்றும். ஒரே முத்திரை நாள் முழுவதும் நின்றால் நிழல் பதியும் அபாயமும் உண்டு. இதைத் தணிக்கப் பல ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன எனினும், அபாயம் அடியோடு நீங்கிவிடவில்லை. விலையும் அதிகம்.

ஆகவே 2008இல் எங்கள் காக்கா எதிர்கொண்ட கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது. இரவில் விளக்கணைத்துத் திரைப்படமோ விளையாட்டோ பார்ப்போர் இல்லமா? வசதியும் இருப்பின் ஓ.எல்.இ.டி. நல்ல தேர்வு. பகல் வெளிச்சம் நிறைந்த கூடமா? நாள் முழுவதும் செய்தி ஓடும் வீடா? நல்லதொரு எல்.இ.டி.யே போதும், அதுவே பொருத்தமும் ஆகும்.

கடைக்குச் செல்லும் முன் இல்லத்தில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, அதிகம் பார்ப்பவர் யார், எந்நேரத்தில் பார்க்கிறார், எங்கே அமர்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண்மணியாகவோ முதியவராகவோ இருப்பார். தாமாக வாய் திறந்து சொல்ல மாட்டார்.

இரண்டாவதாக, அவர் பார்க்கும் நேரத்தில், தொலைக்காட்சி வைக்க எண்ணிய இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சார்த்தி வையுங்கள். பிறகு அவர் அமரும் இடத்திலிருந்து பாருங்கள். கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால், நாளை திரையிலும் ஜன்னல் தெரியும். இடத்தை மாற்ற இயலுமா என்று அப்போதே சிந்தியுங்கள். செலவில்லாத இச்சோதனையை நாங்கள் அன்று செய்திருந்தால், உம்மா ஓராண்டு புழுங்கியிருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, அமரும் இடத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து கொள்ளுங்கள். திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கப்படுகின்றது. அதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குத் தூரம் இருப்பது வசதி. 43 அங்குலத் திரைக்கு ஐந்தரை முதல் ஆறு அடி. 55 அங்குலத் திரைக்கு ஏழடி. 55 அங்குலத் திரையின் அகலம் மட்டும் நான்கு அடி வரும் என்பதால், அலமாரியில் அடங்குமா என்றும் பாருங்கள்.

நான்காவதாக, உயரத்தைக் கவனியுங்கள். பாய் விரித்துத் தரையில் அமர்ந்து பார்க்கும் வழக்கமுள்ள வீட்டில், சோபாவுக்கு ஏற்ற உயரத்தில் பெட்டியை மாட்டினால் கழுத்து வலிக்கும். எல்.சி.டி. வகைகள் சிலவற்றில், கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது நிறமும் வெளிறும். அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்திற்குத் திரையின் நடுப்பகுதி வருமாறு அமைப்பதே சிறப்பு.

ஐந்தாவதாக, எதைப் பார்க்கிறீர்கள் என்பதையும் எண்ணுங்கள். 4கே திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. சாதாரணக் கேபிள் படத்தில் இருப்பதோ 4 இலட்சத்துச் சொச்சம். இருபது மடங்கு இழுத்துப் பரப்பினால் எந்தப் படமும் மங்கலாகத்தானே தெரியும்? கேபிள் மட்டுமே பார்க்கும் இல்லத்தில் மிகப் பெரிய திரை மகிழ்ச்சியைவிட ஏமாற்றத்தையே தரும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

கடையில் ஓடும் பெட்டிகள் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் மிகை வெளிச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, வீட்டு உபயோகத்துக்கான நிலைக்கோ ‘சினிமா’ நிலைக்கோ மாற்றச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டும் பூக்களும் வண்ணத்துப் பூச்சிகளும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் இல்லத் திருமணப் படத்தைப் பென் டிரைவில் கொண்டு சென்று ஓட்டச் சொல்லுங்கள். மனித முகத்தின் நிறம் இயல்பாக இருக்கிறதா என்று பார்ப்பதே சிறந்த சோதனை.

பின்பு நேரே நின்று பார்ப்பதோடு நில்லாமல், இருபுறமும் நகர்ந்தும் பாருங்கள். நம் கூடங்களில் மூன்று சுவர் ஓரமும் ஆட்கள் அமர்வார்கள். எல்லோருக்கும் நடு இருக்கை கிடைப்பதில்லை.

ஒலியையும் கேளுங்கள். பெட்டி மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இடமின்றிப் போய்விட்டது. செவி மங்கிய முதியவருக்குப் படத்தைவிடப் பேச்சுத் தெளிவே முக்கியம். தேவையெனில் தனி ஒலிபெருக்கிக்கும் சேர்த்தே தொகை ஒதுக்குங்கள்.

மின்சிக்கன நட்சத்திரச் சிட்டை ஒட்டியிருப்பின், அதில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று குறிக்கப்பட்டிருக்கும். நட்சத்திரத்தை எண்ணுவதோடு அவ்வெண்ணையும் படியுங்கள். திரைப் பேனல் உடைந்தாலோ பழுதானாலோ மாற்றும் செலவு புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆதலால் பேனலுக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்பதை எழுத்தில் பெற்றுக் கொள்ளுங்கள். உங்கள் ஊரில் பழுது பார்க்கும் நிலையம் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தை நம்பும் முன், ரொக்கம் தந்தால் விலை எவ்வளவு என்று கேளுங்கள். ரொக்கத்திற்குரிய தள்ளுபடி தவணையில் மறுக்கப்படுவதும், நடைமுறைக் கட்டணம் தனியே சேர்வதும் உண்டு. இரு தொகைகளையும் அருகருகே எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும். 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்திற்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவோருக்கு

வளைகுடாவிலிருந்து வருவோர் தொலைக்காட்சியைச் சுமந்து வருவது ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. 2013 ஆகஸ்டு 26 முதல், பயணிகள் கொண்டுவரும் தட்டைத் திரைத் தொலைக்காட்சிக்கு இருந்த தீர்வைச் சலுகையை இந்திய அரசு நீக்கியது. பயணத்திற்கு முன் நடப்பிலுள்ள தீர்வை விகிதத்தைச் சுங்கத்துறையிடம் கேட்டறிந்து, விலையோடு கூட்டிப் பாருங்கள். அங்கு தரப்படும் வாரண்டி இங்கு செல்லுபடியாகாமல் போகலாம். வழியில் திரை உடைந்தால் கேட்பாரும் இல்லை. தாய்க்கோ மனைவிக்கோ வாங்கித் தர விரும்புவோர், பணத்தை அனுப்பி, அவர்களையே உள்ளூர்க் கடைக்குச் சென்று பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது மேலானது.

இறுதியாக ஒரு சொல்

எங்கள் காக்கா அன்று என்ன செய்தார் தெரியுமா? புதிய பெட்டி வாங்கப் புறப்படவில்லை. தொலைக்காட்சியை ஜன்னல் உள்ள சுவருக்கு அருகே, வெளிச்சம் நேரே படாத மூலைக்கு மாற்றினார். பின்பு ஜன்னல்கள் இரண்டையும் திறந்துவிட்டார். காற்று உள்ளே வந்தது. படம் முன்போல் பளிச்சென்று இல்லாவிடினும், தெரிந்தது.

சில ஆண்டுகள் கழித்து அப்பெட்டி பழுதானபோது, அவர் தொலைபேசியில் முதலில் கேட்ட கேள்வி, “எந்தக் கம்பெனி வாங்கலாம்?” என்பதன்று. “உம்மா, நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்?” என்பதே. சாதாரண 32 அங்குல எல்.இ.டி. ஒன்று வந்து சேர்ந்தது. விலையில் முன்னதைவிட மிகக் குறைவு. எனினும் ஜன்னலை அடைக்க வேண்டிய தேவை பின்னர் ஒருநாளும் எழவில்லை.

நீங்களும் விலைப்பட்டியலை விரிக்கும் முன், உங்கள் கூடத்தில் அதிகம் அமர்பவரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். அவர் தரும் விடையில் பாதித் தேர்வு முடிந்துவிடும்.